ரூத் வீட்டு வாசல்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் பிராண்டே என்ற டெனிஷ் ஊரில் விடியலுக்கும் பஞ்சி பிடித்துவிடும். தங்கமலர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். முதல் இரண்டு வீடுகளை முடித்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் வானம் கொஞ்சம் வெளிறும். ஊர்ச்சபையான கொம்மூனின் வீட்டுப் பராமரிப்பு வேலை அவளுக்கு. தனியாக இருக்கிற வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய், எழுப்பி, கழுவி, மருந்து எடுத்துக் கொடுத்து, வீங்கின கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டி, கறுத்த பாணில் பட்டர் பூசி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறக்கவேண்டும். எந்த வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று போனில் வந்துவிடும். அந்த நிமிடங்களுக்குள் அந்த மனிசரோடு நாலு கதை கதைக்கவும் வேண்டும். தங்கமலருடைய டெனிஷ் உடைசல்தான். ஆனாலும் கிழவர்கள் அவள் வரவுக்குக் காத்திருப்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வீடுகளைப் பிரித்துக்கொண்டு கிளம்புவதற்கு முன், எல்லோரும் கோப்பியோடு மேசையைச் சுற்றி நின்றபோது பொறுப்பாளர் ஒரு படத்தை எடுத்து வைத்தார்.

"பக்கத்து ஊர் இகாஸ்டில் தனியாக இருக்கிற ஒரு வயதான பெண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். வங்கியிலிருந்து பேசுவதாகப் போன் எடுத்து, உங்கள் அட்டையில் பிழை இருக்கிறது, வீட்டுப் பராமரிப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் எங்கள் ஜக்கெற் போட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக் கமராவில் விழுந்த படம் இது. யாருடையதாவது ஜக்கெற் தொலைந்ததா?"

படம் கைமாறிக் கைமாறி வந்தது. தலையை மூடியிருந்ததால் முகம் தெரியவில்லை. ஜக்கெற் அளவுக்கு மிஞ்சிப் பெரிது. போட்டிருந்தவள் இரண்டு கைகளையும் விரல் தெரியாமல் உள்ளே இழுத்து, கைநுனியை முட்டியால் இறுக்கிப் பிடித்திருந்தாள். தங்கமலர் அந்த முட்டியைப் பார்த்தாள். நாலு வயதிலிருந்து மகள் சாரங்கி அப்படித்தான் நிற்பாள். அவளுடைய சுவெற்றர்கள் எல்லாவற்றிலும் கைநுனி இழுபட்டுத் தொங்கும்.

படத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தங்கமலர் தன் கோப்பியைக் குடித்து முடித்தாள். 

முதல் வீட்டில் கார்ல் என்ற கிழவருக்குக் காலுறை மாட்டும்போது குதிக்காலைத் தப்பான பக்கம் இழுத்துவிட்டாள். "இன்றைக்கு உனக்கு என்ன?" என்று அவர் கேட்டார். "நித்திரை காணாது" என்று சொல்லிவிட்டு, கழற்றித் திரும்ப மாட்டினாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய இரண்டாவது வேலை ஜக்கெற் அதன் கொளுக்கியில்தான் தொங்கியது. கணவன் ஆனந்தராஜா காலை முறை வேலை முடித்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தான். காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. பசை வாசம் குளித்தாலும் போகாது. சாரங்கி பள்ளிக்கூடத்தால் வந்து சமையலறை மேசையில் போனோடு இருந்தாள். பதினாறு வயது. வீட்டில் மூத்தவன் ஸ்ரிபன் ஓகூஸ் நகரத்தில் படிக்கப் போனபிறகு அவள் ஒருத்திதான்.

தங்கமலர் பிட்டுக்கு மாவைக் கொட்டி, சுடுதண்ணி விட்டுக் குழைத்தபடியே கேட்டாள்.

"மகள், இகாஸ்டுக்கு எப்ப போனனி?"

"என்ன?" என்றாள் சாரங்கி டெனிஷில், தலையை எடுக்காமல்.

"என்ர ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஒரு வயது போன மனிசியின்ர வீட்டுக்கு எப்ப போனனி எண்டு கேக்கிறன். படம் பார்த்தனான்."

போன் மேசையில் கவிழ்ந்தது. தங்கமலர் மாவுக்குள் அகப்பையை விட்டுக் கிளறினாள். பிறகு சாரங்கி சொல்லத் தொடங்கினாள். பாதி தமிழ், பாதி டெனிஷ். சிநேகிதி ஒருத்திக்குத் தெரிந்த பெடியன், இவள் நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். நன்றாகக் கதைப்பானாம். நீ நல்லவள் மாதிரி இருக்கிறாய், உன்னைக் கண்டால் யாரும் கதவைத் திறப்பார்கள் என்றானாம். ஒரு என்வலப்பை வாங்கிக்கொண்டு வந்து ஸ்ரேஷனில் நிற்கிற காரில் கொடுத்தால் சரி. வங்கி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்றானாம்.

"நீ நம்பினனியோ?"

"இல்லை" என்றாள் சாரங்கி. "நம்பின மாதிரி இருந்தனான்."

ஆனந்தராஜா எழும்பி வந்து கதவடியில் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் கத்தவில்லை. கதிரையை இழுத்து இருந்து, மகளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"படத்தில முகம் தெரியேல்லை எண்டுதானே சொல்லுறீர்?"

"தெரியேல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டிரும். உதுகளைச் சொல்லித் திரியிறதில்லை. இந்தத் தவணை முடிய இவளை ஊருக்கு, கொக்குவிலுக்கு அனுப்புறன். அக்காவோட ரெண்டு வருசம் இருந்திட்டு வரட்டும். எல்லாம் சரிவரும்."

"அக்காவுக்கு என்ன மந்திரமே தெரியும்?"

"இஞ்ச இருந்தாக் கெட்டுப்போவாள், மலர்."

"அங்க விட்டா மட்டும்? ஏதும் ஒண்டெண்டா ஆரிட்டப் போய்ச் சொல்லுவாள்? இப்பவே எங்களிட்டச் சொல்லேல்லை, அத்தையிட்டச் சொல்லுவாளே?" தங்கமலர் கையைக் கழுவித் துடைத்தாள். "நான் பேசாமல் இருந்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு விளங்கேல்லை. அவங்கள் அடுத்த கிழமை இன்னொரு வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்கள். போகமாட்டன் எண்டா, முதல் போனதைச் சொல்லிப்போடுவம் எண்டு வெருட்டுவாங்கள். நாங்கள் ஒளிக்க ஒளிக்க அவங்களுக்குத்தான் வசதி. நாங்களே போய்ச் சொல்லிப்போட்டா வெருட்ட என்ன இருக்கு?"

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சீரோ?"

"யோசிச்சனான். காலமை முழுக்க அதைத்தான் யோசிச்சனான்."

அடுத்த நாள் தங்கமலர் லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். ஆனந்தராஜா வரவில்லை. அங்கே ஒரு பெண் அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். இடையில் சாரங்கிக்குத் தண்ணீர் கொடுத்தாள். வெளியே வந்தபோது மழை சரிந்து விழுந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் கார்வரைக்கும் ஓடவில்லை, நனைந்துகொண்டே நடந்தார்கள்.

வேலையிடத்தில் பொறுப்பாளரிடமும் தங்கமலரே போய்ச் சொன்னாள். இனி எல்லோரும் ஜக்கெற்றை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று ஒழுங்கு வந்தது. ஏன் என்று மற்றவர்கள் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே எல்லோருக்கும் தெரியும் என்று அவளுக்கு விளங்கியது.

அந்த நாளிலிருந்து ஆனந்தராஜா மகளோடு நேரே கதைப்பதை விட்டுவிட்டான். "சாப்பிடச் சொல்லும்", "லைற்றை நிப்பாட்டச் சொல்லும்" என்று எல்லாம் தங்கமலர் ஊடாகத்தான். சாரங்கி அதே மேசையில் இருப்பாள்.

அடுத்த கிழமை நிரோஜினி வந்தாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹேர்னிங் நகரத்தில். பள்ளிக்கூடம், சமூக சேவை, பொலிஸ் மூன்றும் சேர்ந்து இளம்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பகுதியில் வேலை. கொம்மூன் ஆள் என்றதும் தங்கமலர் மேசையில் பிஸ்கட் அடுக்கி வைத்திருந்தாள். அடுப்படி வாசத்தை மணந்து, "அன்ரி, பிட்டோ அவிக்கிறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை நேரே சமையலறைக்குள் வந்துவிட்டது. கத்தரிக்காய்க் குழம்போடு பிட்டைப் பிசைந்துகொண்டுதான் கதைத்தாள்.

"கேஸ் அதுபாட்டுக்கு நடக்கும், அன்ரி. முதல் தரம், தானாக வந்து சொன்னது, ரெண்டும் நல்லது. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். என்ர வேலை மற்றது. சாரங்கி கிழமைக்கு ஒருக்கா என்னைச் சந்திக்கவேணும். பள்ளிக்கூடத்தில ஆரோட இருக்கிறா, போனில ஆர் எழுதுறான், எல்லாம் கதைப்பம். பின்னேரத்தில சும்மா இருக்காமல் ஏதும் செய்யவேணும்."

"அதுக்குத்தான் நான் ஊருக்கு அனுப்புறன் எண்டு சொல்லுறன்" என்றான் ஆனந்தராஜா வரவேற்பறையிலிருந்து.

நிரோஜினி கையைக் கழுவிக்கொண்டு அவனிடம் போனாள். "அங்கிள், திருத்துறதுக்கெண்டு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புறது இஞ்ச குற்றம். உங்களைத்தான் பிடிப்பினம். சட்டத்தை விடுங்கோ. அப்பிடிப் போய் வந்த பிள்ளையளோட நான் வேலை செய்திருக்கிறன். திரும்பி வரேக்க தாய் தேப்பனோட கதைக்கிறதையே அதுகள் விட்டிடுதுகள்."

ஆனந்தராஜா யன்னலால் வெளியே பார்த்தான். கதைப்பதை விட்டவன் இப்போது யார் என்று நினைத்தானோ என்னவோ. கொக்குவில் கதை அதற்குப் பிறகு வரவில்லை.

போகும்போது நிரோஜினி இன்னொன்றும் சொன்னாள். இகாஸ்டில் இருக்கிற அந்தப் பெண்ணும் சாரங்கியும் விரும்பினால், நடுவர் ஒருவரை வைத்துக்கொண்டு நேரில் இருந்து கதைக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. கட்டாயமில்லை.

"வேண்டாம்" என்றாள் சாரங்கி டெனிஷில். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கமலர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த வாய் உன்னிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் பின்னேரம் பல்வைத்தியரிடம் போய்த் திரும்பி வரும் வழியில், வைப்பர் தண்ணீரை இழுத்து இழுத்து எறிந்துகொண்டிருந்தபோது, சாரங்கி தானாகக் கதைத்தாள்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் மழை, அம்மா. நான் மணி அடிச்ச உடன அவ திறந்தவ. ஐயோ, நனைஞ்சிட்டாய் எண்டு உள்ள போய் ஒரு துவாய் எடுத்துக்கொண்டு வந்து தந்தவ. தலையைத் துடை, தடிமன் பிடிச்சிடும் எண்டு." அவள் நிறுத்தினாள். "நான் துடைச்சனான். துடைச்சுப்போட்டுத் துவாயைக் குடுத்திட்டு, என்வலப்பை வாங்கினனான். தாங்ஸ் எண்டு சொன்னனான்."

தங்கமலருக்கு றோட்டு மங்கலாகத் தெரிந்தது. வைப்பரைக் கூட்டிவிட்டாள். அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் போய்க் கதைக்கிறன்" என்றாள் சாரங்கி.

இகாஸ்ட் நூலகத்தில் பின்பக்கத்து அறை ஒன்றில் சந்திப்பு நடந்தது. ஏமாந்துபோன அந்தப் பெண், ரூத், சின்ன உருவம். எண்பதைத் தாண்டியவர். அவருடைய மகள் லோன கூட வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நடுவர் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிவிட்டு, முதலில் ரூத் சொல்லட்டும் என்றாள்.

"நான் இந்த ஊர்த் துணித் தொழிற்சாலையில் வேலை செய்தவள்" என்று ரூத் தொடங்கினார். "கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போய் வந்தவள். இப்போது மணி அடித்தால் குளியலறைக்குள் போய் இருந்துவிடுகிறேன். கண்ணுக்கு மருந்து விட வருகிற பிள்ளை வெளியில் நின்று என் பெயரைக் கூப்பிடுகிறது. நான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நல்ல பிள்ளை அது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஜக்கெற்றைக் கண்டால் கால் எழும்பாது. அரைவாசி நாள் மருந்து இல்லை. டொக்டர் ஏசுகிறார்."

தங்கமலர் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். திறக்காத கதவுகளின் முன்னால் அவளும் நின்றிருக்கிறாள். உள்ளே ஆள் விழுந்து கிடக்கிறதோ என்று யன்னலால் எட்டிப் பார்ப்பாள். போனில் நிமிடம் ஓடும்.

"நான் செய்தது பிழை" என்றாள் சாரங்கி. "மன்னித்துக்கொள்ளுங்கள்."

"சரி, சொல்லிவிட்டாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நாளைக்கு மணி அடித்தால் எழும்பிப் போவேனா?"

 சாரங்கியின் கைகள் சுவெற்றருக்குள் போய்விட்டன. தங்கமலருக்குப் பொறுக்க முடியவில்லை. "நான் வந்து, என்ன வேலையென்றாலும்..." என்று தொடங்கினாள். நடுவர் அவள் கையில் மெல்லத் தொட்டு நிறுத்தினாள்.

ரூத் சாரங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமைகளில் உனக்கு என்ன வேலை?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் காலையில் வா. வந்து மணி அடி. நான் திறப்பேனோ தெரியாது. எனக்குப் பழகவேண்டும். பராமரிப்புப் பிள்ளைகளை வைத்துப் பழக ஏலாது, அதுகள் அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். உனக்கு நேரம் இருக்கிறது."

"அம்மா!" என்றாள் லோன. "இவளையா திரும்ப வாசலுக்குக் கூப்பிடுகிறாய்?"

"எனக்குப் பயம் இவளில்தான். வேறு யாரை வைத்துப் பழகுவது?"

நடுவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தடுமாறினாள். தாயும் கூட வரவேண்டும், லோனவுக்கு ஒவ்வொரு முறையும் தகவல் போகவேண்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். மன்னித்தேன் என்று ரூத் சொல்லவில்லை. போகும்போது சாரங்கிக்குக் கையும் கொடுக்கவில்லை.

முதல் சனிக்கிழமை காற்று பேயாய் அடித்தது. தங்கமலர் றோட்டோரம் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தாள். சிவப்புக் கல்லில் கட்டின சின்ன வீடு. சாரங்கி படியேறி மணி அடித்தாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அடித்தாள். "நான் சாரங்கி. வந்திருக்கிறேன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்றைக்கு ஏலாது. போ."

அடுத்த கிழமை குரலும் இல்லை. யன்னல் திரை மட்டும் அசைந்தது. அதற்கடுத்த கிழமை கதவில் கடிதம் போடுகிற வாய் திறந்தது. "மழையா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். "இல்லை, காற்று." "சரி. போய்வா."

வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் வைத்தபோது ஆனந்தராஜா சொன்னான், "மனிசி உங்கள் ரெண்டு பேரையும் வைச்சு விளையாடுறா."

"விளையாடட்டும். சனிக்கிழமை காலமை எனக்கு வேற என்ன வேலை?"

"உடுப்புத் தோய்க்கிறது."

"அதை நீங்கள் மெஷினில போடலாம்தானே."

அதற்கடுத்த சனிக்கிழமை அவர்கள் திரும்பி வந்தபோது உடுப்பு தோய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. 

அந்த நாட்களில்தான் றொஷானி போன் எடுத்தாள். ஊரில் ஒரே பள்ளிக்கூடம், இங்கே இரண்டு தெரு தள்ளி வீடு. "சாரங்கி டான்ஸ் வகுப்புக்கு வாறேல்லையாம். சுகமில்லையோ?" என்று கேட்டாள். இருமல், சோதனை என்று சொல்லத் தங்கமலர் முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

"இல்லை றொஷானி" என்றாள். "ஒரு பொலிஸ் கேஸ். பிழை செய்துபோட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். இப்ப கொம்மூனால ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து அவளோட கதைக்குது."

  றொஷானியின் குரல் தாழ்ந்து வந்தது.

"மலர், என்ர பெடியனும் ஆரோடயோ திரியிறான். கேட்டா எரிஞ்சு விழுறான். உங்களிட்ட வாற பிள்ளையின்ர நம்பரை எனக்கும் தாறியோ?"

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ரூத் வீட்டின் முன்னால் கார் நின்றபிறகும் சாரங்கி இறங்கவில்லை. வெளியே ஆலங்கட்டி கலந்த மழை கூரையில் பொரிந்தது. அவள் போனைத் தாயின் மடியில் வைத்தாள்.

"வாசி."

பெயரில்லாத ஒருவன் எழுதியிருந்தான். பழைய ஆட்கள்தான், புதுக் கணக்கு. உன்னில் கோபம் இல்லை என்றிருந்தது. இந்த முறை யார் வீட்டுக்கும் போகத் தேவையில்லை, சும்மா காரில் கூட இருந்தால் போதும், உன்னைப்போல ஒருத்தி இருந்தால் பொலிஸ் மறிக்காது என்றிருந்தது. கடைசியாக ஒரு இதயம் போட்டிருந்தான்.

தங்கமலரின் வாயில் கேள்விகள் முண்டியடித்தன. எப்படி இவனுக்கு நம்பர் போனது, ஏன் இன்னும் இந்தப் போன், நீ என்ன எழுதினாய். ஒவ்வொன்றையும் விழுங்கினாள்.

"எப்ப வந்தது?"

"புதன்கிழமை. பதில் போடேல்லை." சாரங்கி ஈரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அழிக்கவும் இல்லை, அம்மா. பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை. வகுப்பில எமாவும் எனக்குப் பக்கத்தில இருக்கிறதை விட்டிட்டாள். இவன் மட்டும்தான் எழுதுறான். வாசிக்கேக்க நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு ஆறுதலாக ஒரு நல்ல வசனம் சொல்லவேண்டும் என்று தங்கமலர் தேடினாள். கிடைக்கவில்லை. மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள், வேலையில் குளிர்ந்த விரல்களைத் தேய்ப்பதுபோல.

"நிரோஜினிக்குப் போன் அடிப்பமோ?"

"ஓம்."

நிரோஜினி சனிக்கிழமை என்றும் பாராமல் எடுத்தாள். பின்னால் சின்னக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அழிக்காதே, எனக்கு அனுப்பு, பொலிசுக்கு அது உதவும், பிறகு அவனைப் போனில் மறி என்றாள். பிறகு சாரங்கியோடு டெனிஷில் கனநேரம் கதைத்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, எமாவைப் பற்றி. திங்கட்கிழமை வகுப்பாசிரியரோடு இருந்து கதைப்போம் என்று முடிவானது. பிராண்டே நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்க உதவியாள் தேடுகிறார்கள், கேட்டுப் பார்க்கவா என்றும் கேட்டாள்.

"எனக்கு ஆர் வேலை தருவினம்?" என்றாள் சாரங்கி தமிழில்.

"கேட்டாத்தானே தெரியும்."

கதைத்து முடித்து அவள் மணி அடிக்கப் போனபோது வழக்கமான பத்து மணி தாண்டி வெகுநேரமாகிவிட்டது. கடிதவாய் உடனே திறந்தது. "ஏன் இவ்வளவு நேரம் காருக்குள் இருந்தாய்?" என்று ரூத் கேட்டார். திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எனக்கு ஒரு பிரச்சினை இருந்தது."

"முடிந்ததா?"

"பாதி."

உள்ளே சங்கிலி கிலுங்கியது. கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்து, சங்கிலியில் இடறி நின்றது. காரிலிருந்து பார்த்த தங்கமலருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கதவு மூடியது.

ஜனவரியில் வழக்கு வந்தது. தண்டனையை நிறுத்திவைத்து, நிரோஜினியின் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்றார்கள். நீதிமன்றத்துக்கு ஆனந்தராஜா வந்தான். கழுத்துப்பட்டி கட்டி, கடைசி வரிசையில் இருந்தான். நீச்சல் குளத்தில் சாரங்கியை எடுத்தார்கள். செய்ததை மறைக்காமல் அவளே முதலில் சொன்னாள். அங்கிருந்த பெண் யோசித்துவிட்டு, பிள்ளைகளோடு தனியே விடமாட்டேன், ஒரு வருடம் போகட்டும் என்றாளாம். அது சாரங்கிக்குச் சுட்டது. ஆனாலும் போனாள். குளோரின் வாசத்தோடும் சிவந்த கண்ணோடும் வருவாள், நல்ல பசியோடு.

பெப்ரவரியில் குளிர் இறுக்கியது. ஒரு சனிக்கிழமை தங்கமலரின் கார் கிளம்ப மறுத்துவிட்டது. பற்றரி செத்துப்போயிருந்தது. அவள் நொடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது ஆனந்தராஜா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் இறக்கி விடுறன். ரெண்டு பேரும் ஏறுங்கோ."

 போகும் வழியெல்லாம் வயல்களில் பனி வெள்ளையாய்ப் படிந்து, தூரத்தில் காற்றாலைகள் அசையாமல் நின்றன. ரூத் வீட்டின் முன்னால் கார் நின்றதும் சாரங்கி இறங்கிப் படியேறினாள். ஆனந்தராஜா எஞ்ஜினை நிறுத்தவில்லை. ஹீற்றர் முழு வேகத்தில் ஓடியது, பின்னால் வெள்ளைப் புகை எழும்பியது.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் தங்கமலர். "இஞ்ச உப்பிடி விட்டா ஏசுவினம்."

"ரெண்டு நிமிசம்தானே. திறக்கவே மாட்டா எண்டு சொன்னீர்."

சாரங்கி மணி அடித்தாள். கதவு திறந்தது. சங்கிலி இல்லாமல், விரியத் திறந்தது. ரூத் வெளியே வந்தார். சாரங்கியைப் பார்க்கவும் இல்லை, அவளைத் தாண்டி, வீட்டுச் செருப்போடு படியிறங்கி, பனியில் குறுக்கே நடந்து காரடிக்கு வந்து கண்ணாடியில் மோதிர விரலால் தட்டினார்.

ஆனந்தராஜா பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினான்.

"எஞ்ஜினை நிறுத்து! என் யன்னலுக்குள் எல்லாம் புகை வருகிறது. உங்களுக்கு என்ன, காற்றைக் காசு கொடுத்தா வாங்குகிறீர்கள்? எவ்வளவு நேரம் ஓடவிடலாம் என்று சட்டம் இருக்கிறது, தெரியுமா?"

"ஓம், ஓம்" என்றான் ஆனந்தராஜா தமிழில். கார்த் திறப்பைத் திருப்பினான். எஞ்ஜின் நின்றது. தெரு அமைதியானது.

அந்த அமைதியில்தான் ரூத் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டார். குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே நடையும், நடையில் தொங்கிய கோட்டும், அதற்கப்பால் மேசைவிளக்கும் தெரிந்தன. திறந்த கதவின் பக்கத்தில் சாரங்கி நின்றாள். ஒரு அடி விலகி, படியின் ஓரத்துக்குப் போய், கைகளை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளே போனாயா?" என்று ரூத் அங்கிருந்தே கேட்டார்.

"இல்லை."

ரூத் ஒரு அடி வைத்தார். செருப்பு வழுக்கியது. காரைப் பிடித்துக்கொண்டார். தங்கமலர் கதவைத் திறந்து ஒரு காலைப் பனியில் வைத்துவிட்டாள். பதினான்கு வருட வேலைப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. ஆனால் சாரங்கி அதற்குள் படியிறங்கி வந்துவிட்டாள். ரூத்துக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, முழங்கையை மடித்து நீட்டினாள். தொடவில்லை.

ரூத் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கமலர் ஒரு காலை வெளியேயும் ஒரு காலை உள்ளேயும் வைத்தபடி இருந்தாள்.

"மெல்ல நட" என்றார் ரூத், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு. "நான் விழுந்தால் லோன உன்னைக் கொன்றுவிடுவாள்."

இருவரும் ஒவ்வொரு அடியாகப் பனியைக் கடந்து, படியேறினார்கள். வாசலில் ரூத் கையை விட்டார். உள்ளே போய்த் திரும்பினார். சாரங்கி வெளியே நின்றாள்.

"வீட்டுச் சூடெல்லாம் வெளியே போகிறது. வருவதென்றால் வா. சப்பாத்தைக் கழற்று."

சாரங்கி குனிந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் விறைத்திருந்ததால் முடிச்சு அவிழவில்லை. ரூத் பொறுத்து நின்றார். கடைசியில் குதிக்காலால் மிதித்துக் கழற்றிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தங்கமலர் காலை உள்ளே எடுத்துக் கார்க் கதவை மூடினாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. ஒரு நிழல் போனது, இன்னொரு நிழல் நின்றது. கண்ணாடிகளில் அவர்களுடைய மூச்சு படியத் தொடங்கியது. ஆனந்தராஜா கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"பிள்ளை ஏதும் குடிச்சதோ காலமை?" என்றான்.

"தேத்தண்ணி மட்டும்."

"அவ குடுப்பாவோ?"

"தெரியாது."

"எவ்வளவு நேரம் நிப்பாள்?"

"தெரியாது."

குளிர் காலுக்கடியால் ஏறி வந்தது. ஆனந்தராஜாவின் கை மெல்ல எஞ்ஜின் திறப்புக்குப் போனது. அந்த வீட்டு யன்னலை ஒருதரம் பார்த்தான். கையைத் திரும்ப எடுத்து, தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.